பச்சைக்கு நடுவே நீலம்

ஒரே மாதத்தில் மூன்றாவது பல்லும் திரும்பி வந்தபோதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

கம்ப்யூட்டரில் பல் வரைவது அவள் வேலை. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். சேதமான பல்லின் மேல் மாட்டும் உறையை அவள் திரையில் உருவாக்கிக் கொடுப்பாள். மில்லிங் மெஷின் ஒரு வெள்ளைக் கட்டியிலிருந்து அதைக் கடைந்து எடுக்கும். பிறகு உலை, பிறகு மெருகு. பன்னிரண்டு வருட அனுபவம். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களை அவளைப் போல் வரைய அந்த லேபில் ஆள் கிடையாது என்பதால் எல்லோருக்கும் அவள் 'கடைவாயக்கா'. முதலில் கோபம் வந்தது. பிறகு பழகிப்போய், போனை எடுத்தாலே "கடைவாய் பேசுறேன்" என்று அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அப்படிப்பட்டவள் வரைந்த உறை ஈறோரத்தில் சரியாக உட்காரவில்லை என்று மருத்துவர் திருப்பி அனுப்பியிருந்தார். ஒரு மயிரிழை இடைவெளிதான். ஆனால் வாய்க்குள் அந்த மயிரிழை போதும், உணவு போய் அடைந்து மிச்சப் பல்லும் கெட்டுவிடும்.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் மாடி ஏறி வந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"அம்மா, கீழயே வந்துடேன். ஜன்னலோரமா இடம் போட்டுத் தரேன். மாஸ்க் போட்டுக்கோ. என்ன சொல்ற?"

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள். யோசிக்க எதுவும் இல்லை. கீழே போனால் அவளால் மூச்சு விட முடியாது.

கீழ்த்தளம் முழுக்கத் தூசி. பிளாஸ்டர் தூசி, மெருகு போடும் தூசி, கட்டியைக் கடையும் தூசி. பத்து வருடத்துக்கும் மேல் அதற்குள் உட்கார்ந்திருந்ததில் அவளுக்கு ஆஸ்துமா முற்றிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் உதடு நீலம் பாரித்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. "இனி அந்த அறைக்குள்ள உட்காரக் கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலையை விடுவதென்று முடிவு செய்து கடிதம்கூட எழுதிக்கொண்டு போனாள். முதலாளிதான் அதை வாங்கிப் படிக்காமல் மடித்து வைத்துவிட்டு, மாடியில் பழைய பெட்டிகள் கிடந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்.

பல் வரையும் பெரிய கம்ப்யூட்டரை மாடிக்குக் கொண்டுபோக முடியாது. ஸ்கேனரும் மில்லிங் மெஷினும் அதோடுதான் இணைந்திருந்தன. ஆகவே மாடியில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்தார்கள். ரிமோட் டெஸ்க்டாப் என்ற ஏற்பாட்டில், கீழே இருப்பதன் திரை மேலே தெரியும். மேலே அவள் மவுஸை நகர்த்தினால் கீழே வேலை நடக்கும். அதற்கு இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள் வேண்டும். எலக்ட்ரீஷியன் "நாளைக்கு வரேன்" என்று பத்து நாள் இழுத்தடித்தார். கடைசியில் அவள் கணவனே ஒரு லீவு நாளில் வந்து கேபிளை இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் டைல்ஸ் போடுகிறவன். அந்த வேலை அவனுக்குப் புதிது. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு பகல் முழுக்கச் செய்தான்.

முதல் ஐந்து மாதம் சொர்க்கம். மாடி அறையில் காற்று வந்தது, வெளிச்சம் வந்தது. மூச்சுக்கு அடிக்கும் மருந்துக் குப்பியைக் கைப்பையின் அடியில் எங்கே வைத்தோம் என்றே மறந்துபோனாள். பிறகுதான் அந்தச் சனியன் பிடித்தது. மவுஸை இழுத்தால் திரையில் அம்புக்குறி அரை விநாடி கழித்து வந்தது. பல்லைத் திருப்பினால் அது துண்டு துண்டாகத் திரும்பியது. ஈறோரத்துக் கோட்டைப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போகும்போது திரை உறைந்து நிற்கும். சட்டென்று விழித்துக்கொண்டு, அவள் கை போன இடத்துக்கெல்லாம் ஒரே பாய்ச்சலாகப் போகும். அப்படி விழுந்த ஒரு தப்புப் புள்ளிதான் அந்த மயிரிழை.

முதலாளியின் மைத்துனருக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று பேச்சு. அவர் வந்து திரையின் பின்னணிப் படத்தை எடுத்தார். நிறங்களைக் குறைத்தார், பல்லும் ஈறும் ஒரே சாம்பலாகிவிட்டன, திரும்பக் கூட்டச் சொல்ல வேண்டியதாயிற்று. கேபிளின் இரண்டு முனையிலும் விளக்கு எரியும் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, எட்டு விளக்கும் வரிசையாக எரிவதைக் காட்டி, "கேபிள் பக்கா" என்றார். கடைசியாக இன்டர்நெட் இணைப்பை இன்னும் வேகமானதாக மாற்றினார். எதற்கும் அது அசையவில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. அக்காவுக்குக் கைதான் ஸ்லோ ஆயிடுச்சு போல" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவள் அன்று பஸ்ஸில் போகும்போது தன் வலது கையை மடியில் வைத்து விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். நாற்பத்தோரு வயது. ஒருவேளை உண்மையாகவே கை மந்தமாகிவிட்டதோ? கண்ணோ? வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. கணவனிடம் சொன்னால், அவன் போட்ட கேபிளைப் பற்றிக் குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்றும் ஒரு தயக்கம். அதுவும் எட்டு விளக்கும் எரிந்த பிறகு.

மூன்றாவது பல் வந்த மறுநாள், முதலாளி வெளியே விசாரித்து ஒரு ஆளை வரவழைத்தார். "இதுதாம்மா கடைசி முயற்சி. இதுவும் ஆகலேன்னா வேற வழி பார்ப்போம்" என்றார்.

வந்தவள் ஒரு பெண். தோளில் கனத்த பை, இடுப்பில் வெட்டுக்கருவி, காதோரம் பென்சில். பக்கத்துத் தெருக்களில் இருக்கிற ஆபீஸ்காரர்கள் எல்லாம் அவளை 'வயரக்கா' என்று கூப்பிட்டார்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் இவள் அவளை அக்கா என்றாள். அவளும் இவளை அக்கா என்றாள். கடைசிவரை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

வயரக்கா எதையும் தொடவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க வேலை பாருங்கக்கா. நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்."

பத்து நிமிஷம் பார்த்தாள். திரை இரண்டு முறை உறைந்தது. இரண்டு முறையும் வயரக்கா திரையைப் பார்க்கவில்லை. மவுஸ் மேல் இருந்த இவள் கையைப் பார்த்தாள்.

"உங்க கை நிக்கலயே. படம்தான் நிக்குது."

அவ்வளவுதான் சொன்னாள். இவள் தண்ணீர் குடிப்பதுபோல் பாட்டிலை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பிறகு வயரக்கா எழுந்து கீழே போனாள். பெரிய கம்ப்யூட்டர் முன்னால் நேராக உட்கார்ந்து அதே பல்லைத் திருப்பிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி சுழன்றது. மேலே வந்து, சின்னக் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டுத் தன் லேப்டாப்பை அதே கேபிளில் மாட்டினாள், அதிலும் திக்கியது. கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் இடத்தை மாற்றிச் செருகினாள், மாற்றமில்லை.

"மேல இருக்கிறதுலயும் கோளாறு இல்ல. கீழ இருக்கிறதுலயும் இல்ல. நடுவுலதான்" என்றாள்.

மைத்துனர் படியில் நின்றுகொண்டிருந்தார். "நெட் ஸ்பீடை டபுள் ஆக்கியாச்சே?"

"சார், இது வீட்டுக்குள்ளயே ஒரு ரூம்லேர்ந்து இன்னொரு ரூமுக்குப் போற வேலை. நீங்க வாசலுக்கு வெளிய ரோட்டை அகலப்படுத்தியிருக்கீங்க."

"கேபிளையும் நான் செக் பண்ணிட்டேன். எட்டு லைட்டும் எரிஞ்சுது."

"எரியும்தான் சார்" என்று மட்டும் சொன்ன வயரக்கா இவள் பக்கம் திரும்பினாள். "ஏங்க்கா, நாள் பூரா இப்படித்தானா? எப்பவாச்சும் நல்லா இருக்குமா?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

"மத்தியானம் நல்லா இருக்கும். ஒண்ணேகால்லேர்ந்து ரெண்டு மணி வரைக்கும். நான் சாப்பாட்டைக்கூட மூணு மணிக்குத் தள்ளிட்டேன், அந்த நேரத்துல வேலை பாக்கலாம்னு."

"அக்கா அப்பதான் பசி வெறியில வேகமா வரைவாங்க" என்றார் மைத்துனர். வயரக்கா சிரிக்கவில்லை.

"ஒண்ணேகாலுக்கு இங்க என்னென்ன நிக்கும்?"

"எல்லாரும் சாப்பிடப் போயிடுவாங்க."

"ஆளுங்களைக் கேக்கலக்கா. மெஷினு. எந்தெந்த மெஷின் நிக்கும்?"

கீழே ஐந்து மெஷின்கள் இருந்தன. வயரக்கா தன் லேப்டாப்பில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்தாள். அதில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின.

"இது கீழ இருக்கிற கம்ப்யூட்டரை 'இருக்கியா, இருக்கியா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். 'இருக்கேன்'னு உடனே பதில் வந்தா எண் சின்னதா இருக்கும். பதில் வராம போனா அதையும் காட்டும். நீங்க இதைப் பாத்துச் சொல்லுங்க. நான் கீழ போய் ஒவ்வொண்ணா நிறுத்தறேன்."

அப்புறம் அந்தக் கட்டடம் சந்தைக்கடை ஆனது.

"காத்து கம்ப்ரசர் நிறுத்தியாச்சு! இப்ப?"

"அப்படியேதான் இருக்கு!"

"தூசி உறிஞ்சற மெஷின்! இப்ப?"

"இன்னும் விட்டு விட்டுத்தான் வருது!"

மெருகு மோட்டார் நின்றது. உலை அணைந்தது. வரிகளின் நடுவே 'பதில் இல்லை' வந்துகொண்டேயிருந்தது. மிச்சம் இருந்தது, கடைக்கோடி அறையில் கதவு சாத்திக்கொண்டு ஓடும் மில்லிங் மெஷின். அதை ஓட்டுகிறவர் கதவை மறித்து நின்றுகொண்டார்.

"நடுவுல நிறுத்தினா கட்டி வீணாப் போயிடும். எட்டுப் பல் ஓடிக்கிட்டிருக்கு. இன்னும் பதினோரு நிமிஷம்."

"பதினோரு நிமிஷம்தானே, நிப்போம்" என்றாள் வயரக்கா.

எல்லோரும் நின்றார்கள். மற்ற மெஷின்கள் அணைந்திருந்ததால் அன்றுதான் முதல் முறையாக அந்த மில்லிங் மெஷின் மெல்லிய குரலில் இரைவது மாடிவரை கேட்டது. கடைவாயக்கா மாடியில் லேப்டாப்பின் முன் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பதினோரு நிமிஷத்தில், எத்தனையோ வருடமாகச் செய்யாத ஒன்றைச் செய்தாள்: கைகளைக் கூப்பிக்கொண்டாள். யாரை வேண்டினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

இரைச்சல் நின்றது. திரையில் வரிகள் மளமளவென்று இறங்கின. எண்கள் எல்லாம் ஒன்றுக்கும் கீழே. பத்து வரி, இருபது வரி, ஐம்பது வரி, ஒன்றுகூடத் தவறவில்லை.

"அக்கா!" என்று கத்தினாள். 

"அந்த மெஷின் எப்ப வாங்கினது?" என்று வயரக்கா கேட்பது கேட்டது.

"பழசைத் தூக்கிட்டு இதைப் போட்டு மூணு மாசம் ஆச்சு" என்றார் முதலாளி. சொல்லிவிட்டு அவரே நெற்றியில் அடித்துக்கொண்டார். "புதுசா கம்ப்யூட்டர் எதுவும் வாங்கலியேன்னுதான் யோசிச்சோம். இதை எவன் நெனச்சான்!"

மெஷின் அறையிலிருந்து மாடிக்குப் படியோரமாக வயர்களை மூடும் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேசிங் ஓடியது. வயரக்கா ஏணி போட்டு அதன் மூடியைக் கழற்றினாள். உள்ளே இரண்டு கம்பிகள் உரசிக்கொண்டு படுத்திருந்தன. ஒன்று நெட்வொர்க் கேபிள். மற்றது மில்லிங் மெஷினுக்குப் போகும் தடித்த கரண்ட் வயர். புது மெஷின் வந்தபோது எலக்ட்ரீஷியன், ஏற்கெனவே கேசிங் இருக்கிறதே என்று அதற்குள்ளேயே திணித்துவிட்டுப் போயிருந்தார்.

"கரண்ட் வயரோட இரைச்சல், காதுக்குக் கேக்காத மின் இரைச்சல், இதுக்குள்ள இறங்குது. ஆனா அதுக்காக மட்டும் இவ்ளோ மோசமாகாதே" என்று முணுமுணுத்தபடி வயரக்கா கேபிளின் முனையில் இருந்த கண்ணாடி மாதிரியான பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.  பிறகு, "இது யாரு போட்டது?" என்றாள்.

மைத்துனர் எட்டிப் பார்த்து, "எவனாவது அரைகுறையாத்தான் இருக்கும்" என்றார்.

ஏணிப் பக்கம் வந்து நின்றிருந்த கடைவாயக்காவுக்குப் புரிந்தது, கணவன் போட்டதில் ஏதோ தப்பு என்று. அந்தக் கேபிளைப் பிடித்திருந்த பட்டைகள் ஒரு சாண் விட்டு ஒரு சாண், அளவெடுத்ததுபோல் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு பட்டையின் வாலும் பிசிறில்லாமல் நறுக்கப்பட்டிருந்தது. அந்தக் கையை அவள் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"என் வீட்டுக்காரர்தான் போட்டாரு" என்றாள். குரல் தாழ்ந்துதான் வந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

 வயரக்கா ஏணியிலிருந்து ஒரு படி இறங்கி, பிளக்கை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"பாருங்கக்கா. உள்ள எட்டு நரம்பு, நாலு ஜோடி. அவரு ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடின்னு அழகா அடுக்கியிருக்காரு. ஒழுங்கா வேலை செய்யறவங்க எல்லாருமே முதல்ல இந்தத் தப்பைத்தான் பண்ணுவாங்க. நானும் பண்ணியிருக்கேன், ஒரு ஆபீஸ் முழுக்க. ஆனா பிளக்குல மூணாவது இடமும் ஆறாவது இடமும்தான் ஒரு ஜோடி, அதனால பச்சையைப் பிரிச்சு, நடுவுல நீலத்தை வைக்கணும். பாத்தா தப்பு மாதிரி இருக்கும். அதுதான் சரி. முறுக்கின ஜோடி ஒண்ணாப் போனாத்தான் வெளி இரைச்சலைத் தாங்கும். ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி அடுக்கினதால எட்டு லைட்டும் எரியத்தான் செய்யும். பக்கத்துல கரண்ட் இரைச்சல் இல்லாத வரைக்கும் ஓடவும் ஓடும்." பிறகு மைத்துனரைப் பார்த்து, "சார், சர்டிபிகேட் வச்சிருக்கிறவங்க போட்ட வேலையை நான் தினம் பாக்கறேன். குடல் தொங்கற மாதிரி தொங்கவிட்டுட்டுப் போயிருப்பாங்க. இது அரைகுறை இல்ல. யாரும் சொல்லிக் கொடுக்கல, அவ்ளோதான்" என்றாள்.

மைத்துனர், "இல்ல... நான் சும்மா..." என்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். அன்று முழுவதும் பிறகு ஏணி பிடித்தது அவர்தான்.

புது கேபிளைக் கரண்ட் வயருக்கு எட்டாமல் எதிர்ச் சுவர் வழியாகக் கொண்டுபோக வேண்டும். நடுவில் டைல்ஸ் ஒட்டிய சுவரில் துளை போட வேண்டும். "டைல்ஸ்னா எனக்குக் கை நடுங்கும். விரிசல் விட்டுட்டா போச்சு" என்றாள் வயரக்கா. கடைவாயக்கா யோசிக்கவேயில்லை, கணவனுக்குப் போன் போட்டாள்.

அவன் அரை மணி நேரத்தில் வந்துவிட்டான். நகக்கண்ணில் சிமென்ட் அப்படியே இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் முகம் விழுந்துவிட்டது. பழைய பிளக்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, அதை வச்சுக்கிட்டு நிக்காதீங்க. எனக்கு இந்தச் சுவத்துல ஓட்டை வேணும்" என்றாள் வயரக்கா.

அவன் சுவரில் ஒட்டுத்தாளை ஒட்டி, அதன் மேல் குறி வைத்து, மெதுவாகத் துளைத்தான். டைல்ஸில் ஒரு கீறல் விழவில்லை. கேபிளை இழுத்து முடித்ததும் வயரக்கா கீழ் முனையில் பிளக் போட்டாள். மேல் முனைக்கு வந்தபோது பிளக்கை அழுத்திப் பொருத்தும் கருவியை அவனிடம் நீட்டினாள். அவன் கூச்சத்தோடு பின்வாங்கினான்.

"போடுங்கண்ணே. நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

அவன் உட்கார்ந்து, நரம்புகளை ஒவ்வொன்றாக நீவி, உரக்கச் சொல்லிக்கொண்டே அடுக்கினான். "ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை... நீலம், நீல வெள்ளை... அப்புறம் பச்சை." அந்த இடத்தில் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். வயரக்கா தலையாட்டினாள். கருவியை அழுத்தினான், 'டக்' என்று விழுந்தது.

மில்லிங் மெஷினை ஓடவிட்டார்கள். கம்ப்ரசர், மெருகு மோட்டார், உலை, எல்லாம் ஓடின. லேப்டாப்பில் வரிகள் ஒன்றுகூடத் தவறாமல் இறங்கின. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, திரும்பி வந்த அந்த மூன்றாவது பல்லைத் திறந்தாள். பல் அவள் கையோடு திரும்பியது. ஈறோரத்துக் கோட்டில் புள்ளி வைத்தாள். வைத்த இடத்தில் விழுந்தது. சுற்றிலும் நான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்கு மறந்தேபோனது. கோட்டை முழுவதும் சுற்றிக்கொண்டு வந்து தொடங்கிய புள்ளியில் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"கடைவாய்க்குக் கை ஸ்லோ ஆயிடுச்சுன்னு எவன் சொன்னான்?" என்றார் முதலாளி. மைத்துனர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான்தான் சொன்னேன். மன்னிச்சுக்குங்கக்கா" என்றார். அவர் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் கணவனும் மனைவியும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். பாதி வழியில்தான் அவன் ஆரம்பித்தான்.

"உனக்கு நல்லது செய்யறேன்னு நானே உன் வேலைக்கு உலை வச்சிருக்கேன். மூணு மாசம். ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்."

"இப்ப மட்டும்?"

அவள் நின்றாள். "ஏங்க, எலக்ட்ரீஷியன் நாளைக்கு நாளைக்குன்னு சொன்ன பத்து நாளும் நான் கீழதான் உட்காந்திருந்தேன். ஞாபகம் இருக்கா? தினம் ராத்திரி உட்காந்துக்கிட்டே தூங்கினேன். நீங்க வந்து அந்த வயரை இழுக்கலேன்னா, பதினோராவது நாள் நான் வேலையில இருந்திருக்க மாட்டேன். இந்த எட்டு மாசமும் நான் விட்ட மூச்செல்லாம் நீங்க போட்ட வயர்லதான் வந்துச்சு. அதுல நீலம் எங்க இருந்தா எனக்கென்ன?"

அவன் அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். கடைத்தெரு முழுக்க அந்தப் பூப்போட்ட பையோடுதான் நடந்தான்.

மறுநாள் காலை வேலைக்கு உட்காரும் முன் வயரக்காவுக்குப் போன் செய்தாள். நேற்றுச் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை என்று இரவெல்லாம் உறுத்தியிருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். "அக்கா" என்ற குரல் கேட்டதும் எல்லாம் கலைந்துபோயிற்று.

"அக்கா, நீங்க வயரைச் சரி பண்ணினீங்க, அது பெரிய உதவி. ஆனா நான் அதுக்கு மட்டும் போன் பண்ணல. நீங்க வந்ததும் முதல்ல என் கையைப் பாத்தீங்க. கை நிக்கலன்னு சொன்னீங்க. நான் மூணு மாசமா எம்மேலயே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன். அப்புறம் எங்க வீட்டுக்காரரை நாலு பேர் முன்னாடி..."

 அந்தப் பக்கம் ஏதோ இரும்பு கிறீச்சிட்டது.

"அக்கா, அக்கா, கொஞ்சம் இருங்க. ஏணி உச்சியில நிக்கிறேன், வாயில வேற ஸ்குரூ. கீழ இறங்கி நிதானமாக் கேக்கறேன். வச்சுடாதீங்க."

"மெதுவா இறங்குங்கக்கா. நான் இருக்கேன்" என்றாள்.

போனைக் காதோடு வைத்துக்கொண்டு, வயரக்கா ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தத்தைக் கேட்டபடி அவள் காத்திருந்தாள்.